பழைய காரைச் சரிசெய்வதா, வேறொரு பழைய கார் வாங்குவதா: கோளாறைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

"இன்ஜினை இறக்கணும் சார்" என்று மெக்கானிக் சொன்ன நிமிஷமே காரை விற்றுவிடலாம் என்று பலருக்கும் தோன்றிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு கார் கன்சல்டிங் வாசலில் நின்றுகொண்டு, பாலிஷ் போட்டு மினுமினுக்கும் இன்னொரு பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். ஒன்பது வருஷ வண்டி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பயந்துபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதைவிட நாலு வருஷம் இளைய மாடலாகப் பார்த்து வாங்கினோம். வாங்கிய எட்டு மாதத்துக்குள் நாலு டயர், கிளட்ச், ஏ.சி. கம்ப்ரஸர், பேட்டரி என்று 50,000 ரூபாய்க்கு மேல் போனது. எங்கள் பழைய வண்டியை வாங்கியவர் கேஸ்கெட்டை மாற்றிப் போட்டு, அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓட்டினார்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். இன்ஜின், கிளட்ச், ரேடியேட்டர், ஏ.சி. எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய சாமான்கள், அவற்றுக்காக வண்டியை விற்க வேண்டிய நிலைமை அபூர்வம். பாடி அப்படியில்லை. இப்போது நாம் ஓட்டும் சின்ன கார்கள் எதற்கும் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அது துருவேறினாலோ அடிபட்டு வளைந்தாலோ இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டி முடிந்தது. நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். இன்ஜினுக்குப் பயந்து வண்டியை மாற்றுகிறோம், துருவைப் பட்டி பார்த்து மறைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம்.

இன்னொரு தப்பு, கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது. "வண்டியே 90,000-தான் பெறும், அதில் போய் 40,000 செலவு பண்ணுவதா?" என்று கேட்கிறார்கள். வண்டியின் விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. விற்றால் வரும் 90,000, ரிப்பேருக்கு வைத்திருக்கும் 40,000, ஆக 1,30,000 ரூபாயை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால், ரிப்பேர் முடிந்த உங்கள் வண்டியைவிட நல்ல வண்டி கிடைக்குமா என்றுதான் பார்க்க வேண்டும். அந்த 1,30,000-லும் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன் போய்விடும். அப்புறம் முதல் வருஷச் செலவு. யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத வண்டிக்கு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் முழுக்க மாற்றணும், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் பெல்ட்டையும் மாற்றணும், டயர், பேட்டரியின் வயசைப் பார்க்கணும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று நான் தனியாக எடுத்து வைத்துவிடச் சொல்வேன். சரி, இனி வண்டி என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது

இதற்காக வண்டியை விற்க நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 300, 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, 12.2-க்குக் கீழே போனால் பாதி காலி. ஸ்டார்ட் செய்து ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் நாலு நாளில் படுத்துவிடும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் எர்த் கேபிள், பேட்டரி டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நம் வெயிலுக்கு பேட்டரி மூன்று, நாலு வருஷம் உழைத்தாலே அதன் கடமையை முடித்துவிட்டது. எல்லாமே சின்னச் செலவு, ரிப்பேர்தான்.

ஹீட் ஏறுகிறது

முள் சிவப்புப் பக்கம் போனால் ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிக்கொண்டு போவதுதான் 2,000 ரூபாய் வேலையை 30,000 ரூபாய் வேலையாக மாற்றுகிறது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் சுற்றவில்லை. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் அல்லது சென்சார், இவற்றில் ஏதோ ஒன்று. மாறாக, பைபாஸில் 80-ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கும், அல்லது வாட்டர் பம்ப் போயிருக்கும். ரேடியேட்டர் அடைப்பதற்கு நம் ஊரில் பெரிய காரணம் போர் தண்ணீர். கூலன்ட் குறைந்ததும் பங்க் குழாயில் பிடித்து ஊற்றிவிடுகிறோம், அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து, கெட்டிலின் அடியில் பிடிப்பதுபோலப் பிடித்துவிடுகிறது. சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு "வால்வ எடுத்துட்டேன் சார், இனி ஹீட்டே ஆகாது" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி பெட்ரோலைக் குடிக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். புது தெர்மோஸ்டாட் பெரிய விலையில்லை.

கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். சூடேறிய பிறகும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை, அதில் ஒரு இனிப்பு வாசனை. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசின் போல ஏதோ. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் அதில் குமிழ் குமிழாக வருவது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் அநேகமாக கேஸ்கெட்தான். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேசாக வளைந்திருந்தால் சீவி சமமாக்கிவிடலாம். விரிசல் என்றால் பழைய சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் அதே மாடலின் ஹெட்டைத் தேடலாம். பாடி நன்றாக இருந்தால் இந்த வேலையைத் தயங்காமல் செய்யுங்கள். இன்ஜின் ஹீட்டில் இறுகி நின்றேபோயிருந்தால் மட்டும், அடுத்த பகுதியில் சொல்லும் பெரிய வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகை வருகிறது

கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார், இவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

நீலப் புகைதான் எல்லாரையும் கலங்கடிப்பது, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அதிலும் இரண்டு வகை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், அல்லது மலை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வு சீல். அது நடுத்தரமான வேலை. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்.

வாய்ச்சொல்லை நம்பி இன்ஜினை இறக்க விடாதீர்கள், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பது, அரை மணி நேர வேலை. மற்றவற்றைவிட ஒரு சிலிண்டர் மட்டும் நன்றாகக் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த டெஸ்ட்டை எடுக்காமலே "ஃபுல் இன்ஜின் வேலை" என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் காட்டுங்கள். நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் வால்வு சீலோடு முடிய வேண்டிய வேலைக்கு, சிலிண்டரையே கடைந்து பெரிதாக்கும் ரீபோர் வரை போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ரிங்தான் என்று உறுதியானாலும் உடனே ஓட வேண்டியதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பார்த்து எழுதி வையுங்கள். கால் லிட்டர் என்றால் ஊற்றிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டி, அதற்குள் நிதானமாகப் பணம் சேர்க்கலாம். ஒரு லிட்டரைத் தொட்டால் முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது. நிறைய விற்ற, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கிற மாடல் என்றால் முழு இன்ஜின் வேலைகூட லாபமாக முடியும். மாருதி 800-ஐத் தயாரிப்பதை 2014 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் அதன் சாமான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்றும் கிடைக்கிறது. இந்தியாவை விட்டே போய்விட்ட கம்பெனியின் வண்டி என்றால் கதை வேறு, ஒரு சென்சாருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அப்படிப்பட்ட வண்டியில் பெரிய இன்ஜின் வேலை செய்யாதீர்கள். வேறு வண்டியின் இன்ஜினையே முழுசாக வாங்கி மாட்டுவதும் ஒரு வழிதான், ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிப் பதிவு செய்யாமல் மாட்டினால் பின்னால் எஃப்.சி.யிலும் (வண்டியின் தகுதிச் சோதனை) விற்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை

கிளட்ச். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட்டை மட்டும் மாற்றாமல் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள், கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றேதான். எந்த வண்டிக்கும் வரும் செலவு இது, நீங்கள் வாங்கப் போகும் வண்டிக்கும் சேர்த்துத்தான்.

மைலேஜ் குறைந்துவிட்டது

டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், இவற்றைப் பார்த்தபிறகும் குறைவாகவே வந்தால், ஒரு பகுதி பெட்ரோலாலேயே இருக்கலாம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. பழைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர் எல்லாம் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, அதனால் சர்வீஸ் விடும்போது அவற்றில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஹோஸ் மாற்றுவது சின்ன வேலை. பெட்ரோல் வாசனை வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் துரு

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பார்க்கணும். தூத்துக்குடியில் இருக்கும் என் மச்சான் ஒருமுறை போன் செய்து, "மாப்ள, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, டிங்கரிங் மட்டும் கொஞ்சம் பார்த்துட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார். போய்ப் பார்த்தேன். இன்ஜின் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் டங் என்று கேட்காமல் பொத் பொத் என்றது. முனையால் லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. சீட் போல்ட் பிடித்திருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதைச் செய்கிறது. கடல் இல்லாத ஊர்களில் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, மேட்டுக்கு அடியில் ஈரம் தேங்கி அதே வேலையைச் செய்கிறது. எங்கே துரு என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. முன் ஃபெண்டர், கதவு, பானட், டிக்கி மூடி, இவை போல்ட்டில் மாட்டியவை, மாற்றிவிடலாம், அழகுப் பிரச்னை மட்டும்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, தரை, ஷாக் அப்சார்பரின் மேல்முனை வந்து உட்காரும் டவர், பின் ஆக்ஸில் மாட்டும் இடம், இவற்றில் ஓட்டை விழுந்தால் வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். தகடு வைத்து வெல்டிங் அடித்துப் பட்டி பூசி பெயின்ட் அடித்துத் தருவார்கள், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் மோதினால் நம்மைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு அது, ஓரத்திலுள்ள இரும்பும் மெலிந்திருக்கும்போது வெல்டிங் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

மச்சானுக்கு இதை ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. "வெளியூர்க்காரன் எவனாவது வாங்கிக்குவான்" என்றார், வேண்டாம் என்று நானும் அக்காவும் பிடிவாதமாக நின்றோம். அந்த வண்டியில் இன்னொருவர் தன் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போவார். கடைசியில் இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் சேர்த்து உடைப்புக்குத்தான் கொடுத்தார். அப்படிக் கொடுக்கும்போது அரசுப் பதிவுபெற்ற உடைப்பு நிலையமாகப் பார்த்துக் கொடுங்கள், சர்ட்டிஃபிகேட் தருவார்கள், ஆர்.சி.யையும் முறைப்படி ரத்து செய்துவிடலாம். இல்லாவிட்டால் அந்த நம்பர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அலைன்மென்ட் பார்த்தாலும் ஒரு பக்கமே இழுக்கிறது

டயர், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் எல்லாம் பார்த்தும் இரண்டு மாதத்தில் மறுபடி ஒரு பக்க டயர் மட்டும் தேய்ந்தால், எப்போதோ பலமாக அடிபட்டு பாடி வளைந்திருக்கலாம். நீங்கள் முதல் ஓனர் இல்லை என்றால் உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கும். இதில் பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். வெறும் கடகட சத்தம் என்றால் கவலையில்லை, லிங்க் ராட், புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், மாற்றினால் தீர்ந்தது.

கோளாறு ஒன்றுமில்லை, ஆனால் 15 வருஷம் ஆகப்போகிறது

"15 வருஷம் ஆனா பெட்ரோல் வண்டிய ஓட்டவே முடியாதாமே" என்று கேட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்ற கட்டுப்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் வந்தது. தமிழ்நாட்டில் ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருஷமாக நீட்டிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் இன்னும் ஏற்றிவிட்டார்கள். நல்ல பாடி உள்ள வண்டிக்கு இது ஒரு காரணமே இல்லை.

வயசு வேறொரு விதத்தில் முக்கியம், இதை நான் அழுத்தியே சொல்வேன். இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். (பலமாக பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகாமல் தடுப்பது) கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில், பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் என்பது 2022 தொடக்கத்தில்தான் எல்லா மாடல்களுக்கும் வந்தது. இவற்றை எந்தப் பட்டறையிலும் பழைய வண்டியில் பொருத்த முடியாது. கடைவீதிக்கும் ஸ்கூலுக்கும் போகிற வண்டி என்றால் சரி, வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறி வாராவாரம் குடும்பத்தோடு சென்னை-திருச்சி நாலுவழிச் சாலையில் போக வேண்டியிருந்தால், ரிப்பேர் செலவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் 2019-க்குப் பிந்தைய வண்டிக்கு மாறுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

வாங்கப் போகும் வண்டியிலும் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் தேடுங்கள். "வர்ற முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். மீட்டரில் 40,000 என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். டயரில் பொறித்திருக்கும் நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கண்ணாடிகளிலும் வருஷக் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஃபெண்டர், பானட் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், யாரும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை, சேற்றுக்கறை அங்கே அப்படியே இருக்கும். சீட்டுக்குக் கீழே அது நகரும் ரெயிலில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண். தண்ணீர் குடித்த வண்டியில் வயரிங் கோளாறு ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும், அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். டெல்லி வண்டி சல்லிசாக வருகிறது என்று யாராவது சொன்னால், அங்கிருந்து வாங்க வேண்டிய என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

விலை பேசும்போது ஒரு விஷயம் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து 1,200 சி.சி.க்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டியே இறங்கியிருக்கும்போது இரண்டு மூன்று வருஷப் பழைய வண்டிக்கு, வரி குறைவதற்கு முந்தைய புது வண்டி விலையை ஒட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடன் வாங்கித்தான் ஆகணும் என்றால் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி அதிகம், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், பேங்க் கடன் நிற்கிறதா என்று பாருங்கள், இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். கடன் இருந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பழைய வண்டியை விற்கும்போது இன்சூரன்ஸின் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குச் சேர்ந்தது, கடிதம் வாங்கி அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம், 50 சதவீதம் வரை ஏறியிருந்தால் நல்ல தொகை. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். வண்டியைக் கொடுத்த பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வாங்கியவரோ புரோக்கரோ யாராக இருந்தாலும், பெயர் மாறிய ஆர்.சி.யின் போட்டோ உங்கள் போனுக்கு வரும்வரை வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள்.